மீன் வாங்கும் முன் கடையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வீட்டில் மீன் தொட்டி வைப்பது பற்றி முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. தொட்டியை எங்கே வைப்பது, என்ன விளக்கு போடுவது, அடியில் என்ன கல் பரப்புவது என்று எல்லாம் சொல்லியிருந்தார்கள், படங்களும் அழகாக இருந்தன. மீன் வாங்குவதைப் பற்றி மட்டும், பக்கத்தில் உள்ள கடையில் நல்ல மீனாகப் பார்த்து வாங்கிக்கொள்ளவும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நல்ல மீன் எது, நல்ல கடை எது என்று முதல் தடவை வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? தொட்டியும் விளக்கும் கல்லும் ஒரு தடவை வாங்கினால் போதும். மீன் செத்தால் வீட்டில் இருக்கிற பிள்ளைகள் அழுவார்கள். பள்ளி விடுமுறை தொடங்கப் போகிறது, இப்போதுதான் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கலர் மீன் கேட்பார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். நீளமாகப் போனால் மன்னிக்கவும்.

நாங்கள் இருப்பது மன்னார்குடி. 2016-இல் எங்கள் வீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்று இருந்தது, அதில் என் தம்பி கொடுத்த ஏஞ்சல் மீன் ஜோடி ஒன்று இரண்டு வருடமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கு அப்போது 9 வயது. பிறந்தநாளுக்கு இன்னும் கொஞ்சம் மீன் வேண்டும் என்றாள். பக்கத்து ஊரில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடை பளபளவென்று இருந்தது, சுவர் முழுக்கத் தொட்டி, எல்லாத் தொட்டியிலும் தண்ணீர் நீலமாக இருந்தது. ஏன் தம்பி தண்ணி இவ்வளவு நீலமாக இருக்கிறது என்று கேட்டேன். "மீன் பளிச்சுன்னு தெரியும்க்கா" என்றான் கடைப்பையன். மோலித் தொட்டியின் மூலையில் ஒரு மீன் செத்துக் கிடந்தது, மற்ற மோலிகள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன. அந்தப் பையன் வலையால் அதை அள்ளி வாளியில் தட்டிவிட்டு, அதே வலையைக் கப்பித் தொட்டிக்குள் விட்டு எங்களுக்கு மீன் பிடித்தான். இதையெல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்தும் 6 மோலி, 4 கப்பி வாங்கிக்கொண்டு வந்தேன், கடைக்காரர்கள் செய்வது சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு.

வீட்டுக்கு வந்ததும் பையை வெட்டி, தண்ணீரோடு அப்படியே தொட்டியில் கொட்டினோம். மூன்றாம் நாள் காலையில் மோலியின் வாலில் பொடி உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். ஏஞ்சல் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து கல்லில் உடம்பைத் தேய்த்தன. கடைக்குப் போன் செய்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்துப் பொடியை வாங்கிப் போடச் சொன்னார்கள். போட்டோம். இரண்டு நாளில் புள்ளி மறைந்தது, சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம், மறுபடி வந்தபோது முன்பைவிட நான்கு மடங்கு. 9 நாளில் புதிதாக வந்த பத்தும் போய்விட்டன, ஒரு ஏஞ்சலும் போனது. இன்னொரு ஏஞ்சல் நான்கு நாள் தனியாகக் கிடந்து செத்தது. "நாமதானேம்மா அந்த மீனை உள்ள விட்டோம்" என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அது வெள்ளைப்புள்ளி நோய் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் புகுந்து வளர்கிறது, அதுதான் அந்தப் புள்ளி. தோலுக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்ததும் மீனை விட்டு இறங்கித் தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பெருகி, நீந்திப் போய் மறுபடி மீனைப் பிடிக்கும். அப்படி நீந்துகிற கொஞ்ச நேரத்தில்தான் மருந்தால் அதைக் கொல்ல முடியும். நம் ஊர் வெயிலில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அதனால்தான் புள்ளி மறைந்ததைப் பார்த்து மருந்தை நிறுத்தினால் மீன் தப்புவதில்லை. இன்னொன்று, ஆரம்பத்தில் இது செவுளுக்குள் மட்டும் இருந்தால் வெளியில் ஒன்றுமே தெரியாது. கடையில் சுத்தமாகத் தெரிந்த மீனுக்கு வீட்டில் மூன்றாம் நாள் புள்ளி வருவது இப்படித்தான். மீனை மட்டும் உற்றுப் பார்த்து வாங்கினால் போதாது, அது எந்தக் கடையில், எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அதற்கு அப்புறம் தொட்டி காலியாக இருந்தது. தஞ்சாவூரில் வேலை செய்யும் என் அக்கா மகன் அங்கே ஒரு சின்னக் கடையைச் சொன்னான். பேரைப் போட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும், அதனால் பெயர் வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் மீன்கடை என்றே தெரியாது, உள்ளே இரும்புச் சட்டத்தில் மூன்றடுக்குத் தொட்டிகள், பின்பக்கக் கண்ணாடியில் பாசி படிந்திருந்தது, ஒவ்வொரு தொட்டியிலும் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பழுப்பேறிய ஸ்பாஞ்சு பில்டர் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் இது அழுக்குக் கடையாகத்தான் தோன்றியது.

ஆறு மோலி வேண்டும் என்றேன். கடைக்காரர் மீனைக் காட்டவில்லை. "தொட்டி என்ன சைஸுங்க? எத்தனை நாளாச்சு ஓட ஆரம்பிச்சு? உள்ள வேற என்ன மீன் இருக்கு? போர் தண்ணியா, குழாய்த் தண்ணியா?" என்று வரிசையாகக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இன்னைக்கு மீன் வேணாங்க. தொட்டிய மூணு வாரம் மீன் இல்லாம சும்மா ஓட விடுங்க. மீன் இல்லன்னா அந்தக் கிருமி தானா செத்துப்போயிரும். ஆனா தினமும் ஒரு சிட்டிகை தீவனம் மட்டும் போட்டுட்டு இருங்க, மீன் இருக்கிற மாதிரியே" என்றார். மீன் இல்லாத தொட்டிக்குத் தீவனம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம். ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாதான் அதை நைட்ரைட்டாக்கி, அப்புறம் அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. அந்தப் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு கிடைக்காவிட்டால் அதுவும் போய்விடும். புதுத் தொட்டியில் அது தானாக நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்தப் பழுப்பு ஸ்பாஞ்சை நான் அழுக்கு என்று நினைத்தேனே, அந்தக் கடையில் மீன்கள் நன்றாக இருந்ததற்குக் காரணமே அதுதான்.

200, 300 ரூபாய் வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்லி என்னை வெறுங்கையோடு பஸ் ஏற்றிவிட்ட மனிதரிடம்தான் இன்றுவரை மீன் வாங்குகிறேன். மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பரவாயில்லை.

அவரிடமும் பிறகு மற்ற கடைகளிலும் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஒரு கடைக்கு முதல் தடவை போகும்போது பணம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். குழந்தை கையைக் காட்டினால் நமக்கு மறுக்க மனம் வராது. கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, கடை திறக்கிற நேரத்துக்குப் போங்கள். ராத்திரி செத்த மீனை எடுக்கிற நேரம் அது. எந்தக் கடையிலும் மீன் சாகும், அதை வைத்து மட்டும் கடையை ஒதுக்க முடியாது. ஆனால் காலையில் வந்ததும் முதல் வேலையாகத் தொட்டி தொட்டியாகப் பார்த்து எடுக்கிறாரா, பத்து மணி ஆகியும் செத்தது மிதக்கிறதா, எடுத்த வலையை என்ன செய்கிறார் என்று பாருங்கள். தஞ்சாவூர்க் கடையில் ஊதா நிறத்தில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கும், பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்தது, ஒரு தொட்டியில் விட்ட வலையை அதில் முக்கி, வேறு தண்ணீரில் அலசித்தான் அடுத்த தொட்டிக்கு எடுப்பார். நோய் இருக்கிற தொட்டிக்குத் தனி வலை, அந்தத் தொட்டியின் மேல் சாக்பீஸால் ஒரு குறுக்குக் கோடு. கேட்டால்கூட அதிலிருந்து மீன் தரமாட்டார். நீலத் தண்ணீர் அவர் கடையிலும் உண்டு, அது மெத்திலின் புளூ, பூஞ்சைக்கும் முட்டைக்கும் போடுவது. அந்த ஒரு தொட்டியில் மட்டும் இருக்கும், ஏன் என்று கேட்டால் சொல்லுவார். கடை முழுக்க நீலமாகவோ மஞ்சளாகவோ இருந்தால் கடை முழுக்க வைத்தியம் நடக்கிறது என்று அர்த்தம்.

மீன் என்றைக்கு வந்தது என்று கட்டாயம் கேளுங்கள். நம் பக்கத்துக் கடைகளுக்குப் பெரும்பாலும் சென்னை கொளத்தூரிலிருந்துதான் லோடு வருகிறது. பையில் அடைப்பதற்கு முன் பட்டினி போட்டிருப்பார்கள், பண்ணையிலிருந்து மொத்தக் கடை, அங்கிருந்து ராத்திரிப் பயணம், இங்கே வேறு தண்ணீர். வந்து இறங்கிய அன்று மீன் கலர் கலராகத் துள்ளும், அந்த அலைச்சலின் விளைவு நாலைந்து நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் நாம் வாங்கி வந்துவிட்டால் அந்தச் சாவு நம் வீட்டில் நடக்கும். நல்ல கடைக்காரர் ஒரு வாரம், பத்து நாள் வைத்திருந்துதான் விற்பார். லோடு வந்த அன்றே எல்லாரையும் வரச்சொல்லி வாட்ஸ்அப்பில் படம் போடுகிற கடையில் நான் வாங்க மாட்டேன். பிடித்த மீனாக இருந்தால் கொஞ்சம் முன்பணம் கொடுத்து, பத்து நாள் உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள். சந்தோஷமாக ஒத்துக்கொண்டால் அவருக்கு அவர் மீன்மேல் நம்பிக்கை இருக்கிறது.

அப்புறம் மீனைப் பாருங்கள், அவசரப்படாமல் ஐந்து நிமிடம் ஒரே தொட்டி முன்னால் நில்லுங்கள். துடுப்புகளை விசிறி போல விரித்து நீந்த வேண்டும், உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு ஓரிடத்தில் ஆடிக்கொண்டிருந்தால் அதற்கு முடியவில்லை. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா, ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறுபக்கத்தில் மட்டும் மூச்சு வாங்குகிறதா, கல்லில் தேய்க்கிறதா, வயிறு உள்வாங்கி முதுகு கத்தி மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். செதில்கள் பலாப்பழத்து முள் போல நிமிர்ந்து நின்றால் அது மகோதரம், அந்த மீன் பெரும்பாலும் பிழைக்காது. கப்பியில் வாலுக்கு முன்னால் ஆசனவாயிலிருந்து சிவப்பு நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் குடலில் புழு. இந்த அறிகுறி ஒரே ஒரு மீனில் இருந்தாலும் அந்தத் தொட்டியின் மற்ற மீன்களையும் விட்டுவிடுங்கள், எல்லாம் ஒரே தண்ணீரில்தானே இருக்கின்றன. சில கடைகளில் எல்லாத் தொட்டியையும் ஒரே குழாயில் இணைத்துத் தண்ணீர் சுற்றவிடுவார்கள், அங்கே எந்தத் தொட்டியில் நோய் இருந்தாலும் எல்லாத் தொட்டிக்கும்தான் கணக்கு. கடைசியாக, கொஞ்சம் தீவனம் போடச் சொல்லுங்கள். பசியோடு பாய்ந்து வந்து தின்கிற மீனை வாங்கலாம். தீவனம் போட யோசிக்கிற கடைக்காரரிடம் ஏன் என்று கேளுங்கள், இப்போதுதான் போட்டேன் என்பது உண்மையாகவும் இருக்கும், அப்படியானால் மறுநாள் போய்ப் பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தை நம் டெல்டாக்காரர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே தண்ணீர் மாறுகிறது. நகராட்சிக் குழாயில் குளோரின் இருக்கும், அது மீனின் செவுளை அரித்துவிடும், ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும் அல்லது குளோரின் நீக்கும் சொட்டு மருந்து போட வேண்டும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் உப்பும் சுண்ணாம்பும் உண்டு, வேதாரண்யம், நாகப்பட்டினம் என்று கடலை நெருங்க நெருங்க உவர்ப்பு ஏறும். அப்படிப்பட்ட தண்ணீரில் மோலி ஜோராக இருக்கும், கப்பியும் பிளாட்டியும் தாங்கும். அமேசான் காட்டு ஆறுகளிலிருந்து வந்த நியான் டெட்ராவும் டிஸ்கஸும் உப்பும் சுண்ணாம்பும் குறைந்த மெல்லிய தண்ணீர் கேட்பவை, அவற்றை நம் கடலோரப் போர் தண்ணீரில் விட்டுவிட்டு மீன் சரியில்லை என்று சொல்லக்கூடாது. அந்தக் கடைக்காரர் எந்தத் தண்ணீரில் மீன் வைத்திருக்கிறார், நம் வீட்டுத் தண்ணீர் எது என்று அவரே ஒப்பிட்டுப் பேசினால் அவரை நம்பலாம். ஒரு பாட்டிலில் நம் வீட்டுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனால், சோதிக்கிற குச்சியோ சொட்டோ வைத்துப் பார்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எதை விற்க மாட்டார் என்று கேட்பதும் நல்ல சோதனை. தஞ்சாவூர்க் கடையில் கண்ணாடிக் கிண்ணத்துக்குத் தங்கமீன் கேட்டு வந்தவர்களை நான் இருக்கும்போதே இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். தங்கமீன் முக்கால் அடி வரை வளரும், ஒழுங்காக வைத்தால் பத்து வருடத்துக்கு மேல் வாழும், அதைக் கிண்ணத்தில் போட்டால் அதன் கழிவே அதைக் கொன்றுவிடும். விரல் அளவு ஆஸ்கார் ஒரு வருடத்தில் ஓர் அடியை நெருங்கும். வாஸ்து மீன் என்று விற்கும் ஃபிளவர்ஹார்னுக்குப் பெரிய தொட்டி தனியாக வேண்டும். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, வீட்டுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று வாங்குகிற மீனை இரண்டடித் தொட்டியில் திரும்ப இடமில்லாமல் வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன். ஃபைட்டர் காற்றையும் மூச்சாக இழுக்கும் மீன், அதனால் சின்ன பாட்டிலிலும் உயிரோடு கிடக்கிறது. ஆண் மீன்கள் ஒன்றையொன்று கடிக்கும் என்பதால் கடையில் தனித்தனி பாட்டிலில் வைப்பது சரி, ஆனால் பாட்டில் அடியில் கழிவு சேர்ந்து வால் கட்டை கட்டையாக ஒட்டியிருந்தால் யாரும் தண்ணீர் மாற்றவில்லை. வீட்டில் அதற்குக் குறைந்தது 15 லிட்டராவது கொடுங்கள்.

சாயம் ஏற்றிய மீன்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கண்ணாடி மீன் என்று ஒன்று உண்டு, நம் நாட்டு மீன், உடம்பு ஊடுருவித் தெரியும், எலும்பை எண்ணலாம். அதற்கு ஊசி போட்டுப் பச்சை, ஆரஞ்சு என்று சாயம் ஏற்றி விற்கிறார்கள். ஒரு கட்டைவிரல் நீளம்கூட இல்லாத மீனுக்கு நாலைந்து இடத்தில் ஊசி. பிழைத்தவையும் நோயை எதிர்க்கத் தெம்பில்லாமல் கிடக்கும், சாயமும் சில மாதத்தில் வெளுத்துவிடும். பிள்ளைகளுக்கு அந்த நிறம்தான் பிடிக்கும், தெரிகிறது. கடையில் அது இருந்தால் நான் அங்கே வேறு எதையும் வாங்குவதில்லை.

டேங்க் கிளீனர் என்று கொடுக்கிற சக்கர் மீனையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்கும்போது விரல் நீளம், வளர்ந்தால் ஒன்றரை அடி. தொட்டி கொள்ளாமல் போனதும் புண்ணியம் என்று நினைத்துக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்க மீன் அது, முதுகெல்லாம் ஓடு மாதிரி, இங்கே அதைத் தின்ன எதுவும் அவ்வளவாக இல்லை, வலையில் மாட்டினால் வலையைக் கிழிக்கும், விற்கவும் முடியாது. முட்டையிடக் கரையைக் குடைந்து பொந்து போடும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் திறக்கும் தண்ணீருக்காக வாய்க்கால் கரையைக் கட்டிக் காக்கிற ஊர் நம்முடையது, அந்தக் கரையைக் குடைகிற மீனை நாமே கொண்டுபோய் விடலாமா? சின்ன வயதில் வயல் வாய்க்காலில் துண்டு விரித்துக் கெண்டைப்பொடியும் அயிரையும் பிடித்தோமே, அவை எல்லாம் இருக்க வேண்டிய இடம் அது. வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று வாங்கும்போதே கேளுங்கள். எடுத்துக்கொள்கிற கடைகள் இருக்கின்றன.

மீனைப் பையில் போடும் விதத்தைப் பார்த்தாலும் ஓரளவு தெரியும். தொட்டி முழுக்கத் துரத்தித் துரத்திப் பிடிக்கக்கூடாது. நல்ல கடைக்காரர் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், இரட்டைப் பை, மூலையில் குஞ்சு மாட்டிக்கொள்ளாமல் ரப்பர் பேண்டு போட்டு, செய்தித்தாளில் சுற்றித் தருவார். எத்தனை மணி நேரப் பயணம் என்று கேட்டுத்தான் காற்றே அடிப்பார். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, அப்புறம் தம்ளர் தம்ளராக நம் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும், கடைத் தண்ணீர் நம் தொட்டிக்குள் போகவே கூடாது. அதுவும் நேராகப் பெரிய தொட்டியில் வேண்டாம். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப், ஒரு ஏர் பம்ப், ஒரு ஸ்பாஞ்சு, அவ்வளவுதான் செலவு, அதில் மூன்று வாரம் தனியாக இருக்கட்டும். எவ்வளவு நல்ல கடையில் வாங்கினாலும் இதை நான் விடுவதில்லை. தஞ்சாவூர்க் கடைக்காரரே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்.

கஜா புயல் சமயத்தில்தான் நல்ல கடைக்காரரின் அருமை முழுதாகத் தெரிந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை அடித்த புயலில் மன்னார்குடியே சாய்ந்து கிடந்தது, எங்கள் தெருவில் 9 நாள் மின்சாரம் இல்லை. மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. வீட்டில் மழைத்தண்ணீரும் அடிபம்புத் தண்ணீரும்தான். மீனைப் பற்றிப் பேச அது நேரமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது, மகள் அழுததால் சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று அவருக்குப் போன் செய்தேன். அவர் கடையிலும் கரண்ட் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். அப்படியும் நிதானமாகச் சொன்னார்: "தீவனம் ஒரு பருக்கைகூடப் போடாதீங்க, ஒரு வாரம் பட்டினி கிடந்தா ஒண்ணும் ஆகாது. சொம்புல தொட்டித் தண்ணிய மொண்டு ஒரு முழ உயரத்துலேர்ந்து மறுபடி தொட்டிலயே ஊத்துங்க, மணிக்கு ஒரு தடவை, பத்துப் பதினஞ்சு சொம்பு. ஸ்பாஞ்சைக் காயவிட்றாதீங்க." பகலில் மகளும் நானும், ராத்திரி என் கணவரும் மாமியாரும் முறை வைத்து ஊற்றினோம். 11 மீனில் 9 பிழைத்தன. விற்ற மீனுக்கு இரண்டு வருடம் கழித்தும் பதில் சொல்கிற கடைக்காரர் அவர். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும், நம் பக்கம் நவம்பர் வந்தால் புயல்தான்.

உங்கள் பத்திரிகை மூலமாக ஒரு கோரிக்கையும் வைக்கிறேன். நாகப்பட்டினத்தில் 2012-இலிருந்து மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மீன் நோய் படித்த பேராசிரியர்கள் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறார்கள். மீன்வளத் துறையும் அவர்களும் சேர்ந்து தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று ஊருக்கு ஒரு நாள் வைத்து, கலர் மீன் கடைக்காரர்களுக்கு நோய் பற்றியும் வலை, தண்ணீர் சுத்தம் பற்றியும் சொல்லிக் கொடுத்தால் நன்றாக இருக்கும். அதே நாளில் எங்களைப் போன்றவர்கள் தண்ணீரைக் கொண்டுவந்து சோதித்துக்கொள்ளவும் இடம் கொடுங்கள். கடைக்காரர்கள் எல்லாரும் மனசாட்சி இல்லாதவர்கள் இல்லை, பலருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. 2020-இல் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ண மீன் வளர்க்கவே மானியம் வைத்திருந்தார்கள், பெண்களுக்கு 60 சதவீதம் வரை. கொல்லைப்புறத்தில் சிமெண்ட் தொட்டி கட்டி மோலியும் கப்பியும் நம் ஊர்த் தண்ணீரிலேயே வளர்க்கிற பெண்கள் பெருகினால், கொளத்தூரிலிருந்து ராத்திரி முழுக்க வருகிற மீனைவிட அது எத்தனையோ மேல். எந்தெந்தக் கடை உள்ளூரில் வளர்த்த மீனை விற்கிறது என்று நான் இப்போதெல்லாம் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

எதிர்வீட்டுப் பையன் ஏழாம் வகுப்பு, முழுப்பரீட்சை முடிந்ததும் மீன் வேண்டும் என்று அவன் அப்பாவிடம் கேட்டுத் தொட்டி வாங்கி வைத்திருக்கிறான். என் தொட்டி ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி அவன் தொட்டிக்குக் கொடுத்தேன். மீன் இல்லாமல் மூன்று வாரமாக ஓடுகிறது, தினமும் காலையில் ஒரு சிட்டிகை தீவனம் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறான். நேற்று தஞ்சாவூருக்குப் போன் செய்தோம். லோடு இந்த வெள்ளிக்கிழமைதான் வருகிறதாம், அடுத்த வாரம் வராதீர்கள், அதற்கடுத்த புதன்கிழமைக்கு மேல் வாருங்கள் என்றார். பையன் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.